பூஜ்ஜியத்தைக் கேள்வி கேட்ட எங்கள் மேலாளருக்கு

ஏட்டில் உறங்கிய எண்ணங்களைத் தட்டி எழுப்பி, எழுந்தவற்றுக்கு எலும்பும் இரும்பும் ஈந்து, எளியவர் இருக்கும் இடம்வரை எடுத்துச் சென்று சேர்த்த எங்கள் ஏற்றமிகு மேலாளர் அவர்களே! பழுதைக் கண்டால் பதுங்காத பார்வையே! பாராட்டைக் கண்டால் பதுங்கும் பணிவே! தொழில் வளர் காப்பகத்தின் தூணும் துணிவும் ஆனவரே! முப்பது ஆண்டு உழைப்பை முடித்து இன்று மாலை ஓய்வு பெறும் உங்களுக்கு, உங்களோடு உழைத்த நாங்கள் உவகையோடும் பெருமிதத்தோடும் படிக்கும் மடல் இது.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "ஒரு நிமிஷம், போன் வருது" என்று எழுந்து போய்விடுவது உங்கள் வழக்கம். வராத போனை எடுத்துக் காதில் வைத்தபடி நீங்கள் நடந்து போவதைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறோம். ஆகவே சற்று நேரம் உங்களை விட்டுவிட்டு, அவையோரைப் பார்த்தே உங்கள் கதையைச் சொல்லப் போகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் கதையைக் கேட்பதுபோல் நீங்கள் உட்கார்ந்திருந்தால் போதும்.

அவையோரே! இந்த அம்மையார் இங்கே மேலாளராக வருமுன் பதினெட்டு ஆண்டுகள், மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் இன்ஜினியராக ஊர் ஊராக அலைந்தவர். தோளில் கருவிப் பை. பைக்குள் ஸ்க்ரூடிரைவர்கள், மல்டிமீட்டர், மழைக்கு ஒரு மாற்றுச் செருப்பு. ரிப்பேர் என்று அழைத்த கருவியைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பும்போது, பக்கத்தில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும் கருவியையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார். அந்தப் பழக்கம் என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதை.

அவர் பொறுப்பேற்ற நாளில் காப்பகம் என்பது பல்கலைக்கழகத்தில் மூன்று அறைகள். அதற்கு முந்தின மாதம்வரை உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த அறைகள். "காப்பகம்னா என்ன, குழந்தைங்களை விட்டுட்டுப் போற இடமா?" என்று அவருடைய வீட்டுக்காரரே கேட்டாராம். அவர் தையல்காரர், கடைவீதியில் சொந்தக் கடை வைத்திருப்பவர். "கிட்டத்தட்ட அதேதான்" என்றாராம் இவர். பொய்யில்லை. பேராசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுக் கண்டுபிடித்தவை ஆய்வேடாக அச்சேறி, அலமாரி ஏறி, அங்கேயே தூசி படிந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து, ஒரு பொருளாக்கி, அதைச் செய்து விற்கும் ஒரு சிறு நிறுவனமாக்கி நிற்க வைக்கப் பட்டறை வேண்டும், காப்புரிமைக்கு வக்கீல் வேண்டும், பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் முறை நம்பி அதைத் தன் இடத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். அதையெல்லாம் ஏற்பாடு செய்து, தவழ்வது நடக்கும்வரை பக்கத்தில் நிற்பதே காப்பகத்தின் வேலை.

பதவியேற்ற மறுவாரமே அவர் ஆய்வுக்கூடங்களின் கதவுகளைத் தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு கதவிலும் ஒரே கேள்வி: "இது யாருக்கு சார்?" கேட்டுக் கேட்டே அவருக்கு "யாருக்கு மேடம்" என்று பட்டப்பெயர் வந்தது. இப்படித் தட்டியதில் மூன்றாம் ஆண்டு திறந்த கதவு, வேதியியல் துறையின் மூன்றாம் மாடியில் இருந்த ஓர் ஆராய்ச்சியாளருடையது. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஒருவாரக்காரர். எப்போது எதைக் கேட்டாலும், "இன்னும் ஒரு வாரம் குடுங்க, ரெடியாயிடும்" என்பார். நாற்பத்திரண்டு வயது, பேச்சுக் குறைவு, கண்ணாடியைத் துடைப்பதற்கென்றே தனியாக ஒரு சட்டைப் பை. தண்ணீரில் குளோரின் இம்மியளவு இருந்தாலும் உணர்ந்து எண்ணாகக் காட்டும் ஓர் உணரியை ஒன்பது ஆண்டுகளாகச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஏழு கட்டுரைகள் வெளிவந்திருந்தன.

"இது யாருக்கு சார்?"

"தண்ணியைச் சோதிக்கிற எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா யாரும் வாங்க மாட்டாங்க சார். நாளைக்குக் காலைல என்கூட வர்றீங்களா?"

"இன்னும் ஒரு வாரம் கழிச்சு..."

"நாளைக்கு. அஞ்சரை மணிக்கு."

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு போன இடம் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு. சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்து திருப்பித் தரும் இடம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அந்த நாற்காலிகளில் சாய்ந்திருந்தால்தான் அவர்களுக்கு அடுத்த வாரம் உண்டு. ஒரு தடவைக்கு ஓர் ஆளுக்கு நூற்றிருபது லிட்டர் தண்ணீர், மெல்லிய ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கமாக, அவருடைய ரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. குழாய்த் தண்ணீரிலிருக்கும் குளோரினை ஒரு கரித்தொட்டி உறிஞ்சிவிடும். கரி களைத்துப்போன நாளில் குளோரின் தப்பி உள்ளே வந்தால் ரத்த அணுக்கள் உடையும், உயிருக்கே உலை. அதனால் ஒவ்வொரு காலையும் அங்கிருக்கும் டெக்னீசியன் ஒரு சோதனைத் தாளைத் தண்ணீரில் நனைத்து, அதன் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

"பாருங்க சார், இது வெள்ளையா, இளஞ்சிவப்பா?" என்று தாளைக் குழல் விளக்குக்கு நேராகப் பிடித்தார் டெக்னீசியன். "எனக்கும் பத்து வருஷமா இதே சந்தேகம்தான். இந்த வெளிச்சத்துல எல்லாமே வெள்ளையாத்தான் தெரியுது. பன்னெண்டு பேர் வெளிய உட்கார்ந்திருக்காங்க. நான் 'சரி'ன்னு சொன்னா ஊசி ஏத்துவாங்க."

ஒருவாரக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். திரும்பி வந்து பல்கலைக்கழக வாசலில் இறங்கும்போது சொன்னார்: "மேடம், என் ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூட ஒரு நோயாளியோட முகத்தை நான் பார்த்ததில்லை."

அன்று தொடங்கியது இரண்டு ஆண்டு உழைப்பு. உணரிக்கு உறை, உறைக்குத் திரை, திரைக்குப் பெரிய எழுத்து. "எண்ணைச் சின்னதா போட்டு என்ன பிரயோஜனம்? ரூம் மூலையிலிருந்து பார்த்தா தெரியணும்" என்று மூன்று முறை திருப்பியனுப்பினார் மேலாளர். காப்புரிமை பதிவாயிற்று. ஒருவாரக்காரர் தம் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். அந்த மருத்துவமனையிலேயே ஒரு கருவியை மாட்டி ஆறு வாரம் ஓடவிட்டார்கள். மேலாளர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: கருவி என்ன சொன்னாலும் காலையில் சோதனைத் தாளைப் பார்ப்பது நிற்கக் கூடாது.

இதற்கிடையே காப்பகத்துக்கே கண்டம் வந்தது. அறைகள் போதாமல் தவித்த தேர்வுப் பிரிவின் கண் நம் மூன்று அறைகள்மேல் விழுந்தது. தொடங்கி ஐந்தாண்டாகியும் பேர் சொல்ல ஒரு நிறுவனமில்லை என்று ஆட்சிக் குழுவில் பேச்சு. "ஒரு வெற்றியைக் காட்டுங்க, அறைகளைக் காப்பாத்தித் தர்றேன்" என்றார் பதிவாளர். கெட்ட மனிதரல்லர், கழுத்துக்கு மேல் வேலை. ஐந்து மருத்துவமனைகள் கருவி கேட்டிருந்தன. அறிமுக விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, அழைப்பிதழும் அச்சடித்தாயிற்று. எல்லாவற்றையும்விட அதிசயம், ஒருவாரக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக வாய்திறந்து, "ரெடி மேடம்" என்று சொல்லியிருந்தார்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மேலாளர் தனியாக அந்த டயாலிசிஸ் பிரிவுக்குப் போனார். கருவி சுவரில் அழகாக மின்னிக்கொண்டிருந்தது. பூஜ்ஜியம். ஆறு வாரப் பதிவேட்டைப் பின்னாலிருந்து புரட்டினார். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம்.

"சூப்பரா ஓடுது மேடம். ஒரு தொந்தரவு இல்ல" என்றார் டெக்னீசியன்.

அதுதான் மேலாளருக்கு உறுத்தியது. முதல் இரண்டு வாரம் அந்த எண் கொஞ்சம் அசைந்தது. புள்ளிக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் ஒன்று, இரண்டு என்று ஏறி இறங்கியது. அதன்பின் அசைவே இல்லை. உயிருள்ள எந்தக் கருவியும் இத்தனை அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லை. கைகழுவும் தொட்டிக்குப் போய், ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தார். குளோரின் வாசனை மூக்கில் ஏறும் தண்ணீர். உணரியைக் கழற்றி அதில் முக்கினார்.

பூஜ்ஜியம்.

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னைக்குக் காலைல தாள் பார்த்தீங்களா?" என்று கேட்டார் மேலாளர்.

டெக்னீசியன் சோதனைத் தாள் டப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, பார்த்தீங்களா?"

"மூணு நாளா பார்க்கல மேடம். இதுதான் பூஜ்ஜியம் காட்டுதேன்னு..."

உள்ளே பன்னிரண்டு நாற்காலிகளிலும் ஆட்கள் சாய்ந்திருந்தார்கள். டெக்னீசியன் ஓடிப்போய்த் தாளை நனைத்து, இந்த முறை சன்னலுக்கு எடுத்து வந்து, வெயிலில் பிடித்தார். வெள்ளை. சுத்தமான வெள்ளை. கரித்தொட்டி நன்றாகத்தான் இருந்தது. மேலாளர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

காரணம் பிறகு தெரிந்தது. குளோரின் நீங்கிய தண்ணீரில் நுண்ணுயிர் வளரும். உணரியின் முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பு படிந்து அதைக் குருடாக்கிவிட்டது. குருடான உணரி காட்டும் எண்ணும் பூஜ்ஜியம். நல்ல தண்ணீருக்குக் காட்டும் எண்ணும் பூஜ்ஜியம். கண் மூடியவனிடம் "யாராவது வந்தாங்களா?" என்று கேட்டால் "யாரும் வரல" என்றுதானே சொல்வான்!

நேராக மூன்றாம் மாடிக்குப் போய் ஒருவாரக்காரரிடம் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு வருஷமா 'வெளிய வா, வெளிய வா'ன்னு நீங்கதான் மேடம் இழுத்தீங்க. இப்ப வந்து நிக்கிறேன். இப்ப உள்ள போங்கறீங்க." அதற்குமேல் அவர் பேசவில்லை, அடுத்த பதினோரு நாளும் பேசவில்லை.

பதிவாளர் அறையில் வேறு பேச்சு. "விழாவை நடத்திடுவோம். குறையை அப்புறம் சத்தமில்லாம சரிபண்ணிக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"மேடையில யாராவது ஒரு டம்ளர் குழாய்த் தண்ணி கொண்டு வந்து முக்கிப் பார்த்தா என்ன சார் செய்வீங்க?"

"அப்படி யார் கேட்பாங்க?"

"யாரும் கேட்கலைன்னா நான் கேட்பேன் சார்."

பதிவாளர் அழைப்பிதழ்க் கட்டை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். விழா நின்றது. தேர்வுப் பிரிவு இரண்டு அறைகளை எடுத்துக்கொண்டது. மேலாளரின் மேசை பட்டறைக்கு வெளியே நடைவழிக்கு வந்தது. டிரில்லிங் மெஷின் ஓடும்போதெல்லாம் அவருடைய தேநீர்க் கோப்பை மேசையில் தானாக நடந்து போகும். அந்த மேசையில் உட்கார்ந்துதான், கருவி கேட்டிருந்த ஐந்து மருத்துவமனைகளுக்கும் தம் கையாலேயே கடிதம் எழுதினார். என்ன நடந்தது, கருவி எப்படிக் குருடாயிற்று, ஏன் இப்போது தர மாட்டோம் என்று ஒளிவு மறைவில்லாத ஒன்றரைப் பக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டில் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததாக அவருடைய மகள் எங்களிடம் சொன்னார். "வேலை போயிடும் போலிருக்குங்க" என்றாராம் கணவரிடம். தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே, "போனா போகட்டும், நம்ம கடைல பட்டனுக்குக் காஜா எடுக்க ஆள் வேணும். ஆனா ஒண்ணு, சட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்து வாடிக்கையாளரை விரட்டக் கூடாது" என்றாராம். அப்போதுதான் சிரித்தாராம். சிரித்துவிட்டுக் கொஞ்சம் அழுதாராம்.

பன்னிரண்டாம் நாள், விடுமுறையில் இருந்த டெக்னீசியன் காப்பகத்துக்கு வந்தார். மூன்று நாள் தாள் பார்க்காத குற்றவுணர்ச்சி அவரை வீட்டில் உட்காரவிடவில்லை. நடைவழி மேசையருகே மேலாளரும், ஏதோ கையெழுத்துக்காக வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற ஒருவாரக்காரரும். டெக்னீசியன் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"எங்க வார்டுல யாராவது ரொம்ப அமைதியா கண்ணை மூடியிருந்தா, அப்பப்ப தோளைத் தொட்டு 'பேர் என்ன?'ன்னு கேட்போம் சார். பேர் எங்களுக்குத் தெரியும். அவர் பதில் சொல்றாரான்னு பார்க்கத்தான். இந்தக் கருவிகிட்ட அப்படி ஏதாவது கேட்க முடியுமா?"

ஒருவாரக்காரர் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, பதினோரு நாளாகத் தாம் பேசாதிருந்த மேலாளரைப் பார்த்து, "மேடம், ஒரு பேப்பர் குடுங்க" என்றார்.

அந்தக் காகிதத்தில் பிறந்ததுதான் இன்று நீங்கள் அறிந்த கருவி. மணிக்கு ஒரு முறை, நோயாளியின் பக்கம் போகாமல் கழிவுக்கே போய்விடும் ஒரு சிறு கிளைக்குழாயில், அளவு தெரிந்த ஒரு துளிக் குளோரினைத் தன் உணரிக்குத் தானே காட்டிக் கேட்டுக்கொள்ளும். உணர்ந்தால் பச்சை. உணராவிட்டால் பூஜ்ஜியம் காட்டாது. சிவப்பு விளக்கெரிந்து, "எனக்குத் தெரியவில்லை" என்று எழுத்தில் சொல்லும். அந்த வாசகம் மேலாளர் வைத்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவியைச் செய்து முடிக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. இந்த முறை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒருவாரக்காரரும் ஒரு வாரம் கேட்கவில்லை.

கடிதம் போன ஐந்து மருத்துவமனைகளில் நான்கு திரும்பி வந்தன. அவற்றில் ஒன்றின் தலைமை மருத்துவர் சொன்னார்: "குறையைச் சொல்லி எனக்கு வந்த ஒரே கடிதம் இதுதான். அதனாலதான் வந்தேன்."

இனிச் சொல்லப் போவது நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை காலை நடந்தது. பெருமழைக்குப் பின் கலங்கி வந்த தண்ணீருக்கு நீர்வழங்கல் நிலையத்தில் குளோரினை அதிகமாகச் சேர்த்திருந்தார்கள். அதே டயாலிசிஸ் பிரிவு. அன்று பதினோரு பேர். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக இருந்தார்கள். முதல் ஊசியைச் செவிலியர் கையில் எடுத்தபோது கருவி அலறியது. திரையில் பூஜ்ஜியம் இல்லை. டெக்னீசியன் தாளை நனைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சந்தேகத்துக்கே இடமில்லாத இளஞ்சிவப்பு. கரி களைத்திருந்தது. விடியலில் தாள் பார்த்தபோதுகூட நன்றாக இருந்த கரி.

வால்வை மூடினார். "யாருக்கும் ஏத்தாதீங்க!" என்று அவர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டதாம். தொட்டி மாற்ற நண்பகலாயிற்று. அதுவரை பதினோரு பேரும் காத்திருந்தார்கள், முணுமுணுத்தார்கள், ஒரு பெரியவர், "நேரத்துக்கு ஒரு வேலை நடக்குதா இங்க? என் பஸ் போயிடும்" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவருக்கு என்ன தெரியும்! மாலையில் எல்லோரும் அலுத்துக்கொண்டே, நல்லபடியாக, வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

செய்தி வந்தபோது மேலாளர், பட்டறைக் கூரையில் ஒழுகும் இடத்தைக் கட்டடப் பிரிவுக்காரரிடம் காட்டிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க ஓடி வந்த ஒருவாரக்காரர் சொல்லி முடித்ததும், மேலாளர் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிடம். நாங்கள் யாரும் தட்டவில்லை. வெளியே வந்தவரின் கண்கள் சிவந்திருந்தன. குரல் மட்டும் எப்போதும்போல். "சரி, அடுத்த டீம் பத்தரைக்கு வர்றாங்க. சேர் போட்டாச்சா?"

எங்கள் மேலாளர் அவர்களே! இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறோம். போனைக் கீழே வையுங்கள்.

மூன்று அறைகளில் இரண்டை இழந்து நடைவழியில் அமர்ந்தவர் நீங்கள். இன்று ஒரு மாடி முழுவதும் உங்கள் உழைப்பால் உருவான பத்தொன்பது நிறுவனங்கள் இயங்குகின்றன. இழந்த அறைகளைத் திருப்பித் தந்த அந்தப் பதிவாளரே இன்று இம்மேடையில் அமர்ந்து முதலில் கைதட்டக் காத்திருக்கிறார். ஆய்வை அறிந்தவர் ஆயிரம்பேர். ஆய்வுக்கு ஆள் தேடித் தந்தவர் நீங்கள்! தொடங்கி வைப்போர் பலர். தொடங்க வேண்டிய நேரத்தில், தலைமேல் தொங்கும் கத்தியையும் பொருட்படுத்தாமல், நிறுத்தி வைத்த நெஞ்சுரம் உங்களுடையது! எங்களில் யார் எந்த வேலையைச் செய்தாலும், ஒரு டம்ளர் தண்ணீருக்கு அஞ்சாத வேலையாகச் செய்யக் கற்றோம். உங்கள் கீழ் வேலை பார்த்தோம் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குத் தலை நிமிர்கிறது, மார்பு விரிகிறது.

நோயின்றி, நோவின்றி, தையல்கடைப் பெஞ்சில் உரிமையோடு உட்கார்ந்து தேநீர் அருந்தி, மகளும் மருமகனும் மகிழ்ந்து சூழ, மனம்போல் ஊர் சுற்றி, நீங்கள் நெடுங்காலம் நிறைவாக வாழ்க! உங்கள் கை தொட்ட கருவிகளெல்லாம் உண்மை பேசி உங்களை வாழ்த்துக!

இம்மடலைச் சட்டமிடுமுன் டெக்னீசியன் எங்களைத் தேடி வந்தார். அந்தப் புதன்கிழமை என்ன நடந்தது என்பதை இத்தனை நாள் கழித்துப் போன வாரம்தான் அன்று முணுமுணுத்தவர்களிடம் சொன்னாராம். அவர்களும் கையெழுத்திட வேண்டுமென்று கேட்டார்களாம். அவையின் மூன்றாம் வரிசையை ஒரு முறை பாருங்கள், அம்மா.

இப்படிக்கு, உங்கள் மாறாத அன்பர்கள்:

தொழில் வளர் காப்பகத்தின் அலுவலர்கள், பட்டறைப் பணியாளர்கள், பத்தொன்பது நிறுவனத்தார்;

அவர்களோடு,

அன்று காலை சட்டைக் கையை மடித்துக் காத்திருந்த பதினோரு பேரில், இன்று இங்கே வந்திருக்கும் ஆறு பேர். பஸ்ஸைத் தவறவிட்ட பெரியவருடையது முதல் கையெழுத்து.